சத்தம் எதோடு சேர்ந்து ஏறுகிறது?

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு முடிந்தது. ஆனால் வடசென்னையில், எம்.கே.பி. நகரின் குறுக்குத் தெருக்களிலும் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலும் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து 1998 முதல் வந்த பழைய சான்ட்ரோக்களும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்களில் பலர் துறைமுகத்திலோ, மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ வேலை பார்ப்பவர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி, 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பதிவை ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்து ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு நாள் புதிதாக ஒரு சத்தமோ நடுக்கமோ கிளம்பினால் வீட்டில் தூக்கம் போய்விடுகிறது. "என்ஜினை இறக்கணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த மாதச் சம்பளம் அங்கேயே முடிந்தது. உண்மையில் இறக்க வேண்டிய என்ஜின்களும் உண்டு. ஒரு ரப்பர் துண்டு மாற்றினால் சரியாகிவிடுகிற என்ஜின்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் இயற்பியலும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுமையும் இருந்தால் போதும்.

பட்டறைக்குப் போனதும் நாம் சத்தத்தை வாயால் நடித்துக் காட்டுகிறோம். டக் டக் என்கிறோம், கொரகொர என்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் அது போதாது. டாப்பெட் இடைவெளி அதிகமானாலும் டக் டக்தான். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சிறு ஓட்டை விழுந்து புகை விட்டுவிட்டுக் கசிந்தாலும் டக் டக்தான். பிளக் சரியாக முறுக்கப்படாமல் இருந்தாலும் ஏறக்குறைய அதே ஓசைதான். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதே பயனுள்ள கேள்வி. என்ஜின் சுற்றும் வேகத்தோடா, வண்டி ஓடும் வேகத்தோடா, என்ஜின் இழுக்கும் சுமையோடா, சூட்டோடா? இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடிந்தால், ஸ்பேனரைத் தொடும் முன்பே காரணங்களில் பெரும்பகுதி கழிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் என்ஜின் வேகம். இங்கே ஒரு சின்னக் கணக்கு வேண்டும். மாருதி 800-இல் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 72 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 796 சி.சி. வரும். வண்டி நிற்கும்போது கிராங்க் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 15 சுற்று. நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும், அதாவது நொடிக்கு 7.5 முறை. மூன்றும் ஒழுங்காக முறை வைத்து வெடித்தால் நொடிக்கு 22.5 உந்துதல்கள். நல்ல நிலையில் உள்ள 800-இன் சீட்டில் கை வைத்தால் தெரியும் மெல்லிய துடிப்பு இந்த 22.5 ஹெர்ட்ஸ்தான். மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் என்பதால், நாம் அதைக் கேட்பதைவிடத் தொட்டு உணர்வதே அதிகம்.

மூன்றில் ஒன்று வெடிக்காமல் போனால் என்ன ஆகும்? துடிப்புகள் நொடிக்கு 15 ஆகக் குறைகின்றன என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. இரண்டு உந்துதல், ஒரு வெற்றிடம், மீண்டும் இரண்டு உந்துதல், ஒரு வெற்றிடம் என்று ஒரு புதிய தாளம் பிறக்கிறது. அந்தத் தாளத்தின் ஆவர்த்தனம் நொடிக்கு 7.5. திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். அது 900 சுற்றில் நிற்கும்போது அடிக்கும் அடியும் நொடிக்கு 7.5தான். வடசென்னைக்காரர்களின் காதில் ஊறிப்போன அந்தப் புல்லட் நடை, மூடிய பானெட்டுக்குள்ளிருந்து கேட்டால், உங்கள் காரில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பட்டறைகளில் இதை "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள்.

இந்த நடுக்கம் ஏன் அவ்வளவு அச்சுறுத்துகிறது என்பதற்கு உடலியலிலும் ஒரு விடை இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. வயிறும் நெஞ்சும் தோளும் சேர்ந்து ஆடும் எல்லை அது. மிஸ்ஸிங் அடிக்கும் 800-இன் 7.5 ஹெர்ட்ஸ் சரியாக அதற்குள் விழுகிறது. நான்கு சிலிண்டர் சான்ட்ரோ 800 சுற்றில் நின்றாலும் ஒரு சிலிண்டரின் முறை நொடிக்கு 6.7 தடவை; அதுவும் அதே எல்லைக்குள்தான். ஆகவே ஒரு பிளக் வயர் கழன்றதற்கே என்ஜின் முழுதும் போய்விட்டதைப் போல உடம்பு அலறுகிறது. நடுக்கத்தின் அளவு கோளாறின் அளவைக் காட்டுவதில்லை. இதை வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பார்கள். கார்பரேட்டர் வண்டியில் பிளக் வயரைப் பிடுங்குவது பழைய வழக்கம். இன்ஜெக்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அப்படிச் செய்யக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவதே சரி. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் என்ஜின் இன்னும் தள்ளாடும். எதை நிறுத்தியும் மாற்றமே இல்லையோ அதுதான் ஏற்கெனவே படுத்திருக்கும் சிலிண்டர். அதன் பிறகு பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போகலாம்.

எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக எரிந்தும் வண்டி நடுங்குகிறது என்றால்? எங்கள் தெருவில் ஒரு 800-க்கு இதுதான் நடந்தது. சிக்னலில் நின்று ஏ.சி. போட்டால் ஸ்டீயரிங்கும் சீட்டும் கிடுகிடுவென ஆடும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் போய்விடும். முதலில் பார்த்த இடத்தில் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இறக்க வேண்டும் என்றார்கள். அடுத்துப் பார்த்த வயதான மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன் இரண்டு கேள்விதான் கேட்டார். "ஏ.சி. ஆஃப் பண்ணா குறையுதா சார்? ரேஸ் பண்ணா சுத்தமா போயிடுதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றதும், உரிமையாளரை உள்ளே உட்கார வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை ஒரு நூல் விடச் சொன்னார்; பிறகு ரிவர்ஸில். முதல் கியரில் என்ஜின் லேசாகச் சாய்ந்து நின்றது. ரிவர்ஸில் ஒரு பக்கம் தூக்கி அடித்தது. என்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் கல்லாக இறுகி, ஓரத்தில் பிளந்திருந்தது.

அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விக்குள் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கு, ஒரு தட்டு தட்டினால் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அதை இயல் அதிர்வெண் என்பார்கள். உதாரணத்துக்கு அது 10 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். வெளியிலிருந்து வரும் துடிப்பு அதற்கு 1.41 மடங்குக்கு மேல், அதாவது 14 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே ரப்பர் தடுப்பதில்லை; இயல் அதிர்வெண்ணுக்கு அருகே வந்தால் அதிர்வைப் பெருக்கியே அனுப்பும். புது ரப்பரில் 22.5 ஹெர்ட்ஸ் துடிப்பு 14-க்கு வெகு மேலே இருப்பதால், அதில் சிறு பகுதியே சீட்டுக்கு வந்து சேருகிறது.

ரப்பர் மூப்படையும்போது காற்றின் ஆக்சிஜனும் என்ஜின் சூடும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதுப்புதுக் கட்டுகளைப் போடுகின்றன. ரப்பர் விறைக்கிறது. கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலையின் பள்ளங்களில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும், விறைத்த அந்த ரப்பர் வெடிக்கிறது. விறைப்பு நான்கு மடங்கானால் இயல் அதிர்வெண் இரண்டு மடங்காகி 20 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். ஏ.சி. கம்ப்ரஷரின் சுமையால் என்ஜின் 900-லிருந்து 800 சுற்றுக்கு இறங்கினால் மூன்று சிலிண்டரின் துடிப்பு சரியாக 20 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. வண்டி முழுதும் ஆடுகிறது. மிதித்து 1,200 சுற்றுக்கு ஏற்றினால் துடிப்பு 30 ஹெர்ட்ஸ் ஆகி, புதிய எல்லையான 28-ஐத் தாண்டிவிடுகிறது, நடுக்கம் மாயமாகிறது. மிஸ்ஸிங் அடிக்கும் வண்டி ரேஸ் செய்தாலும் முழுதாகத் தெளியாது. மவுன்டிங் போன வண்டி தெளிந்துவிடும். ஐடிலிங்கை ஏற்றி வைத்து இந்த நடுக்கத்தை மறைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பெட்ரோலை எரித்துப் பிழையை ஒளித்து வைக்கும் வேலை. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை.

மூன்று சிலிண்டர் என்ஜினுக்குப் பிறவியிலேயே ஓர் ஆட்டம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கிராங்கில் மூன்று கைகளும் 120 பாகை இடைவெளியில் இருப்பதால் மேலும் கீழுமான விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஆனால் இந்த முனைச் சிலிண்டரும் அந்த முனைச் சிலிண்டரும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை என்பதால், என்ஜின் ஒரு முனை தூக்கி மறு முனை தாழ்த்தி ஆடும். நான்கு சிலிண்டரில் அந்த ஆட்டம் இல்லை; அதற்குப் பதில் கிராங்கின் இருமடங்கு வேகத்தில் ஒரு நுண்ணிய நடுக்கம் மிஞ்சும். சான்ட்ரோவிலிருந்து 800-க்கு மாறியவர் இதைக் கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இனி உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தங்கள். இவற்றில் முதல் பிரிவினை, கிராங்கின் வேகமா, கேம் ஷாஃப்ட்டின் வேகமா என்பது. வால்வுகளைத் திறக்கும் கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஒரு டாப்பெட் தளர்ந்தால் 900 சுற்றில் நொடிக்கு 7.5 தட்டல். கிராங்கைச் சேர்ந்த அடி பெரும்பாலும் நொடிக்கு 15. காதால் 15-ஐ எண்ண முடியாது. ஆனால் இக்னிஷன் டைமிங் பார்க்கும் விளக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில், முதல் சிலிண்டரின் பிளக்கோடு சேர்ந்து இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மின்னும். சத்தமும் மின்னலும் ஒன்றாக வந்தால் மேலே வால்வுப் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் இரண்டு அடி கேட்டால் கீழே கிராங்க் பக்கம். முதலாவது பெரும்பாலும் ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரமும் கேட்கும் வேலை. இரண்டாவது கவலைப்பட வேண்டிய விஷயம்.

அங்கேதான் சூடு உதவிக்கு வருகிறது. அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போல இரு மடங்கு விரியும். 68.5 மில்லிமீட்டர் பிஸ்டனும் அதைச் சூழ்ந்த சுவரும் 100 டிகிரி சூடேறினால் இடைவெளியில் சுமார் 0.08 மில்லிமீட்டர் குறைந்துவிடும். தேய்ந்த பிஸ்டன் காலைக் குளிர்ச்சியில் சுவரில் அறைந்துகொண்டு, சூடானதும் அடங்கிவிடுவது இதனால்தான். அப்படி அடங்கும் வண்டி இன்னும் பல காலம் ஓடும். கனெக்டிங் ராடு பேரிங் நேரெதிர். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் வரை இடைவெளியை நிரப்பி அடியைத் தாங்கும். சூடாகி இளகியதும் டொக் டொக் வலுக்கும். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றினால் வெடிப்பின் அழுத்தம் இல்லாததால் சத்தம் தணியும். இந்தச் சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம்தான் பல கிராங்குகளைக் கொன்றிருக்கிறது.

சூட்டின் இந்தப் பாடத்திலிருந்து ஒரு நடைமுறை. சத்தத்தைக் காட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போனால், போய்ச் சேருவதற்குள் என்ஜின் சூடாகி, குளிர்ச்சியில் வரும் சத்தம் எல்லாம் ஓய்ந்திருக்கும். முந்தின இரவே பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் தாமே கேட்கும்படி செய்யுங்கள்.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் அழுத்திக் கேட்கும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலியின் மிகப் பெரும்பகுதி எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. ஸ்க்ரூடிரைவர் அந்த எல்லையைத் தாண்டாமலே ஒலியை எலும்பு வழியாக உட்காதுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் உலோகத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் பரவுவதால், எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று கேட்கும். ஓர் இடத்தில் கேட்டு முடிவு கட்டக் கூடாது. மூன்று நான்கு இடங்களில் வைத்து, எங்கே கூர்மை அதிகம் என்று ஒப்பிட வேண்டும். பெரம்பூர் ரயில்வே பணிமனைகளின் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்கும் வேலை தெரிந்திருக்கும். அதுவும் ஒப்பீடுதான், விரிசல் விட்ட சக்கரம் மற்றவற்றைப் போல ஒலிக்காது. ஃபேன், பெல்ட் அருகே இதைச் செய்யும்போது தொங்கும் துணி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

பெல்ட் ஓட்டும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளின் சத்தம் ஏன் தனியாகக் காதைக் குத்துகிறது? இதற்கு விடை தேடும்போது சி.வி. ராமன் நினைவுக்கு வருகிறார். சாதாரண முரசின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கரணை அவற்றை முழுமடங்குகளாக்குகிறது என்று அவரும் சிவகாளி குமாரும் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆரோக்கியமான என்ஜினின் ஓசைகளும் கிராங்க் வேகத்தின் முழுமடங்குகளாகவோ அரைமடங்குகளாகவோ அமைந்து ஒரு குடும்பமாகச் சேர்ந்துகொள்கின்றன. 8 குண்டுகள் உள்ள பேரிங்கின் வெளிவளையத்தில் குழி விழுந்தால், தண்டு ஒரு சுற்று சுற்றும்போது சுமார் 3.2 தட்டல்கள் வரும். உள்வளையத்தில் என்றால் சுமார் 4.8. இந்தப் பின்னங்கள் குடும்பத்தில் சேராதவை. அந்த ஒவ்வாமையைத்தான் காது "கொரகொர" என்று தனியே பிடித்துக் காட்டுகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக என்ஜினை ஓட்டிப் பார்த்தால் போதும். சத்தம் நின்றால் கோளாறு என்ஜினுக்கு உள்ளே இல்லை.

வண்டி வேகத்தோடு மட்டும் ஏறும் சத்தத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சை மிதியுங்கள், என்ஜினை அணைக்காமல். என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரம், டயர், வீல் பேரிங். 800-இன் 12 அங்குலச் சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்குப் பத்து சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். பாலன்ஸ் தவறிய டயரின் நடுக்கமும் சுற்றுக்கு ஒரு முறை என்ற கணக்கில்தான் ஸ்டீயரிங்குக்கு வரும்.

சுமையைச் சோதிக்க இந்தப் பகுதியில் மூலக்கடை மேம்பாலம் போதும். ஏற்றத்தில் உயர் கியரிலேயே மிதித்தால் கண்ணாடிக் குண்டுகள் உருளும் ஓசை வருகிறதா? அது எந்தப் பாகமும் அடித்துக்கொள்ளும் சத்தம் அல்ல. சுடர் சென்று சேரும் முன்பே மிச்ச வாயு தானாக வெடித்து, அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதி மோதி ஒலிக்கிறது. 68.5 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்கிட்டால் அதன் அதிர்வெண் சுமார் 8,000 ஹெர்ட்ஸ். டைமிங் முந்தியிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். கியரைக் குறைத்தால் நின்றுவிடும். ஆனால் அப்படியே விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும்.

கடைசியாக, எங்கள் பகுதிக்கே உரிய ஒரு காரணம், மழைநீர். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதை அறியாதவர் இங்கே இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருக்களே குளமாயின. 800-இன் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சி.சி. சுருக்க விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 33 மில்லிலிட்டர்தான். ஏர் ஃபில்டர் வழியாக அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், நீர் சுருங்காது என்பதால் கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றிவிட்டுத்தான் கிராங்கைச் சுற்ற வேண்டும்.

லேசாக வளைந்த ராடு உடனே உடைவதில்லை. வண்டி ஓடும், மழை மறந்துபோகும், சில மாதம் கழித்து நடுக்கமும் அடியுமாக வரும். பிளக்கும் காயிலும் நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் மந்தமாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பாருங்கள். வளைந்த ராடு குட்டையாகிவிட்டதால் பிஸ்டன் உச்சி வரை எட்டாது. அந்தச் சிலிண்டரின் அழுத்த அளவு மற்றவற்றைவிடக் குறைந்து நிற்கும். பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ரிங் தேய்ந்த சிலிண்டரில் முள் நன்றாக ஏறும். ஏறவில்லை என்றால் வால்வு, ஹெட் கேஸ்கெட், அல்லது இந்த ராடு. பிளக் துளையில் ஒரு கம்பியை விட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்து ஒப்பிட்டால், ஹெட்டைக் கழற்றாமலே ராடா இல்லையா என்று தெரிந்துவிடும்.